ஏழாம் படிக்கு ஓர் உத்தரவு

என் தங்கையின் முக்திக்கு ரசீது இருக்கிறது. ஒன்றல்ல, ஏழு. படிக்கு ஒன்றாக, நாள், தொகை, வாங்கியவர் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக உள்ள ரசீதுகள். ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்து எழுதுபொருள் கடையில் கட்டுக்கட்டாக விற்கும் சாதாரண ரசீதுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தவை. அங்கே மோட்டார் பழுதுபார்ப்பவரும் அதே புத்தகத்தைத்தான் வைத்திருக்கிறார். ஒவ்வொரு தாளின் அடியிலும் மலாயில் ஒரு வரி அச்சாகியிருக்கும்: விற்ற பொருள் திரும்பப் பெற்றுக்கொள்ளப்படமாட்டாது.

முப்பத்து மூன்று ஆண்டுகள் ஊராட்சி மன்றத்தின் உரிமப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யாராவது ஒரு தாளை நீட்டினால் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். நிபந்தனைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். திருமண அழைப்பிதழையும் நான் திருப்பிப் பார்ப்பதாக வீட்டில் கேலி செய்வார்கள். தங்கைக்கும் இந்தப் பழக்கம் பாதி ஒட்டிக்கொண்டதால்தான் ஏழு ரசீதும் பிஸ்கட் டின் ஒன்றில் பத்திரமாக இருந்தன.

அவள் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து தினமும் விடியலில் தொழிற்சாலைப் பேருந்தில் தீவை நிலத்தோடு இணைக்கும் பாலம் தாண்டி, புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்தாள். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் தரச் சோதனை மேசையில். கணவர் இறந்து, மகளும் திருமணமாகி ஜொகூருக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அப்போதுதான் அந்தத் தியான இயக்கத்தில் சேர்ந்தாள்.

இயக்கத்தில் சிலை இல்லை, மணி இல்லை, பூசாரி இல்லை. நிறுவனரின் படம் ஒன்று, விளக்கு ஒன்று, பாய்கள். ஏழு படிகள் உண்டு. படிக்குக் கட்டணம் உண்டு. ஊரில் அதைப் பற்றி இரண்டு கட்சி. எங்கள் கோயில் ஒலிபெருக்கியில் ஒருமுறை, ‘புதிய வழிபாட்டுக் கூட்டங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்’ என்று அறிவித்தார்கள். அன்று மாலையே இயக்கத்தார் தங்கள் கைப்பேசிப் புலனக் குழுவில், ‘நாங்கள் மதமே அல்ல’ என்று மறுப்பு போட்டார்கள். நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. தங்கையிடம் மட்டும் வாரம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன், அங்கே ஒன்றும் இல்லை என்று. அவள் வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள். ஐந்து ஆண்டுகளில் ஆறு படிகள் ஏறிவிட்டாள். புதிதாக வருபவர்களுக்கு முழங்கால் வலிக்காமல் உட்காரக் கற்றுக்கொடுப்பதே அவள்தான். ஏழாம் படிக்கும் பணம் கட்டியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் தைப்பூசம் வந்தது. மகளின் பிரசவம் சிக்கலானபோது முருகனுக்கு வேண்டிக்கொண்ட பால்குடம் ஒன்று பாக்கி இருந்தது. எடுத்தாள். இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிஸ்கட் டின்னோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணே, என்னைய ஒன்னாம் படிக்கு எறக்கிட்டாங்க.”

“யாரு?”

“ஒருங்கிணைப்பாளரு. போன ஞாயித்துக்கெழம வாசல்லயே நிப்பாட்டிட்டாரு. நான் பால்கொடம் எடுத்த போட்டோவ யாரோ குரூப்புல போட்டுட்டாங்க. ஆறு படி ஏறுனவங்க வேற எடத்துல கும்புடக் கூடாதாம். மறுபடி மொதல்லேருந்து வரணுமாம். கட்டணமும் மொதல்லேருந்து.”

“மத்தவங்க ஒன்னும் சொல்லலியா?”

“ஒருத்தரும் மொகத்த நிமிந்து பாக்கலண்ணே. அஞ்சு வருசமா பக்கத்துல உக்காந்தவங்க.” அதைச் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது. கட்டணத்தைச் சொன்னபோது உடையவில்லை. அந்த வித்தியாசத்தை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் குதூகலம். ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோப்பு என்னைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தது.

“கவலப்படாத. பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, காசு குடுத்து ஏமாந்தவங்களுக்குன்னே. ஒரு பாரம் நெரப்பணும், அஞ்சு வெள்ளி கட்டணும். வக்கீல் வேண்டாம். வக்கீல் வைக்கவே கூடாது,” என்றேன்.

மறுநாளே பாரத்தை நிரப்பினேன். ‘கோரும் பரிகாரம்’ என்ற கட்டத்தில், செலுத்திய கட்டணம் முழுவதையும் திரும்பத் தர வேண்டும் என்று எழுதினேன். தங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுட்டுவிரலை வரிவரியாக ஓட்டிப் படித்தாள்.

“அண்ணே, ‘அல்லது’ன்னு போட்டு, ஏழாம் படின்னு எழுது.”

“எதுக்கு? இன்னும் அவனுங்க சகவாசம் வேணுமா ஒனக்கு?”

“எழுதுலா. எடம் இருக்கில்ல.”

இடம் இருந்தது. மாற்றுக் கோரிக்கை எழுதச் சட்டமும் இடம் கொடுக்கிறது. எழுதினேன். பெண் பிள்ளைகளின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

இயக்கத்தின் பதில் இரண்டு பக்கத்தில் வந்தது. அவர்கள் எதையும் விற்கவில்லையாம். பெற்றது கட்டணம் அல்ல, காணிக்கையாம். நடப்பது ஒரு சமயப் பயிற்சியாம். ஆகவே பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு இதை விசாரிக்கும் அதிகாரமே இல்லையாம். நான் சிரித்த சிரிப்பில் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. அந்த இடத்துக்கு உரிமம் கொடுத்தவனே நான்தான். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் மாடி. விண்ணப்பத்தில் ‘நடவடிக்கையின் வகை’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை ‘ஆளுமை, உடல்நலப் பயிற்சி வகுப்பு’ என்று நிரம்பி வந்தது. நேரில் பார்க்கப் போனேன். தீயணைப்புக் கருவி இரண்டு, வெளியேறும் வழிக்கு விளக்குப் பலகை, எல்லாம் விதிப்படி. சுவரில் மாலை போட்ட படம்.

“சாமி கும்புடுற எடமா இது?” என்று கேட்டேன்.

“சேச்சே, இல்ல சார். கிளாஸ் மட்டுந்தான். டியூசன் சென்டர் மாதிரி,” என்றார்கள்.

வழிபாட்டு இடம் என்றால் கோப்பு பல மேசைகளுக்குப் போக வேண்டும், அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும். வகுப்பு என்றால் என் ஒரு மேசையே போதும். அவர்களுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். முத்திரை குத்தினேன். முத்திரைக்குத் தேவை கட்டத்தில் உள்ள சொல்தான். சுவரில் உள்ள மாலை அல்ல.

கோப்பை எடுத்துக்காட்ட எனக்கு இப்போது உரிமை இல்லை. ஆனால் உரிமத்தை எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு பகலில் படியேறிப் போய், அங்கிருந்தவரிடம் வகுப்பு நேரம் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். நிறுவனர் படத்துக்குப் பக்கத்திலேயே உரிமம் தொங்கியது. இரண்டில் உரிமத்துக்கு மட்டும்தான் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், பணம் வாங்குவதை வைத்து மட்டும் நான் அவர்களை வணிகம் என்று சொல்ல முடியாது. இரண்டு தவணை கோயில் நிர்வாகக் குழுவில் செயலாளராக இருந்திருக்கிறேன். அர்ச்சனைக்குச் சீட்டு, மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, திருவிழாவில் வரிசையில் நிற்க மனமில்லாதவர்களுக்குத் தனிச் சீட்டு. அந்தத் தனிச் சீட்டு என் யோசனைதான். கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடையில் வாங்கிய பொருள் வேலை செய்யவில்லை என்றால் குறை பொருளில். மதத்தில் வேண்டியது நடக்கவில்லை என்றால் குறை நம்மிடம். இந்த இயக்கம் வாங்கும்போது கடையாக இருந்தது. புகார் வந்தவுடன் மதமாகிவிட்டது. அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. ஒரு கட்டத்தில் ‘டிக்’ போட்டால் அங்கேயே நிற்க வேண்டும்.

விசாரணை நாளுக்கு முன் தங்கைக்காக மலாயில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எந்த ரசீதை எப்போது நீட்டுவது, உரிமப் படத்தை எப்போது காட்டுவது எல்லாம் அதில் இருந்தது. அவள் அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கடைசி வரை வெளியே எடுக்கவில்லை.

தீர்ப்பாயத் தலைவர் ஒரு மலாய் அம்மையார். மூக்கு நுனியில் கண்ணாடி. எதிர்ப்பக்கம் ஒருங்கிணைப்பாளர். நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, முன்பு வங்கியில் கடன் பிரிவில் இருந்தவராம். குரல் அத்தனை மென்மை. பேசியதெல்லாம் மலாய்தான். நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன்; ‘அம்மா’ என்பதற்கான புவானையும் ‘ஐயா’ என்பதற்கான என்சிக்கையும் மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

தலைவர் இரண்டு பக்கப் பதிலைப் புரட்டிவிட்டு அவரைப் பார்த்தார். “உங்களுடையது சமயமா, வணிகமா?”

“இரண்டும் இல்லை, புவான். வாழ்க்கை முறை.”

“அப்படி ஒரு கட்டம் என் பாரத்தில் இல்லை.”

ஒருங்கிணைப்பாளர் தன் பதில் தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அப்படியானால் சமயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், புவான்.”

என் கை தானாக உயர்ந்தது. கையில் உரிமப் படம்.

“என்சிக் யார்?”

“மனுதாரரின் அண்ணன்.”

“அண்ணன்கள் இங்கே பேச அனுமதி இல்லை. உட்காருங்கள்.”

அந்த விதி எனக்குத் தெரியும். தங்கைக்கு நான்தான் விளக்கியிருந்தேன். உட்கார்ந்தேன். ஒருங்கிணைப்பாளர் திரும்பிப் பார்த்து இரக்கத்தோடு புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்கத் தோன்றியது.

தங்கை எழுந்தாள். அவள் மலாய் தொழிற்சாலை மலாய். இலக்கணத்துக்கு அதில் வேலை இல்லை. ஆனால் யாருக்கும் புரியாமல் போனதில்லை.

“புவான், நான் பெக்டரியில செக்கிங் மேசையில இருந்தவ. ஒரு போர்டு ஆறு மேச தாண்டி பாஸ் ஆயிட்டா ஏழாவது மேசைக்குப் போகணும். போகக் கூடாதுன்னா ரிஜெக்ட் சீட்டு எழுதணும். என்ன கொறன்னு அதுல இருக்கணும். அந்தக் கொற முன்னாடியே பட்டியல்ல இருக்கணும். சூப்பர்வைசருக்கு அன்னிக்கு மனசு சரியில்லன்னு ரிஜெக்ட் பண்ண முடியாது. பால்கொடம் எடுத்தா ரிஜெக்ட்டுன்னு எந்தத் தாள்ல இருக்கு? அதக் காட்டச் சொல்லுங்க.”

தலைவர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார்.

“இதெல்லாம் எழுதி வைக்கும் விசயம் இல்லை, புவான். உள்ளுக்குள் உணர வேண்டியது.”

தங்கை அவர் பக்கம் திரும்பினாள். இப்போது தமிழ். “தம்பி, உணர வேண்டியதுன்னா நான்தானே உணரணும்? எனக்குப் பதிலா நீங்க எப்படி உணர்ந்தீங்க?”

“அக்கா, அது வந்து...”

“இருங்க, முடிச்சிக்கிறேன். கடைன்னா வாங்குன சாமானக் குடுங்க. கோயில்னா வாசல்ல நிப்பாட்டாதீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க தம்பி. எதுன்னாலும் நான் உள்ள வரணும்.”

என்ன சொன்னாள் என்று தலைவர் கேட்டார். அதே வார்த்தைகளை அவளே மலாயில் சொன்னாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். நான் எழுதிய நான்கு பக்கத்தில் எத்தனையோ இருந்தது. இது இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, பக்கத்தில் யாராவது இருந்தால் ‘என் தங்கச்சி’ என்று சொல்லலாமே என்றிருந்தது. நாற்காலிகள் காலியாக இருந்தன.

தலைவர் அரை மணி நேரம் கொடுத்து, வெளியே பேசி இணக்கத்துக்கு வர முடியுமா என்று பார்க்கச் சொன்னார்.

நடைவழியில் ஒருங்கிணைப்பாளர் கைப்பேசியில் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். அவருடைய சிக்கல் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. வணிகம் என்றால் உத்தரவு வரும். மதம் என்று பதிவாகிவிட்டால் மாடியில் தொங்கும் உரிமத்துக்கு என்ன பதில் சொல்வார்?

“அக்கா, ஏழு படிக் காணிக்கையும் முழுசா திருப்பிக் குடுத்துர்றோம். இன்னிக்கே. ஒரு சின்ன கடிதம் மட்டும், இனிமே நீங்க வரமாட்டீங்கன்னு. அவ்வளவுதான்.”

முழுத் தொகை! என் பணிக்காலத்தில்கூட இப்படி ஒரு வெற்றி கிடைத்ததில்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியே விட்டேன்.

“வேண்டாம்,” என்றாள் தங்கை.

அவளைத் தண்ணீர்க் குழாய் இருந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். “பைத்தியமா ஒனக்கு? முழுசா குடுக்குறான். இதுக்கு மேல என்ன வேணும்?”

“ஏழாம் படி வேணும்.”

“அங்க ஒன்னும் இல்லம்மா! எத்தன தடவ சொல்றது?”

“அண்ணே, நீ கேசு ஜெயிக்க வந்தே. நான் உள்ள போக வந்தேன்.” கோபமே இல்லாமல் சொன்னாள். “காச வாங்கிட்டு வந்துட்டா, நான் ஏமாந்தவ, காசு கெடச்சுச்சு. அவ்வளவுதானே ஊர்ல பேசுவாங்க? அஞ்சு வருசம் நான் ஏமாறலண்ணே. உக்காந்தேன். சரியாத்தான் உக்காந்தேன்.”

என் கையில் மூடி கழன்ற பேனா. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டு, காசை வாங்கிக்கொண்டு, சாகும்வரை அந்த வெற்றியைக் காப்பிக் கடையில் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். இன்றும் காப்பிக் கடையில் இந்தக் கதையைச் சொல்கிறேன். இந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவேன். இங்கே எழுதிவிட்டேன்.

உள்ளே திரும்பிப் போனோம். வேறு வழியில்லாமல் ஒருங்கிணைப்பாளர் இணங்கினார். இணக்க உத்தரவாகப் பதிவானது. எதிர்மனுதாரர் மனுதாரருக்கு ஏழாம் படியை, கூடுதல் கட்டணம் இன்றி, பதினான்கு நாட்களுக்குள் வழங்க வேண்டும். கீழே கையெழுத்து, முத்திரை. இதை நிறைவேற்றத் தவறுவது குற்றம். எத்தனையோ அரசுத் தாள்களைத் தயாரித்திருக்கிறேன். ஒரு மனுசிக்கு ஞானம் வழங்கும்படி கெடு வைத்துக் கட்டளையிடும் தாளை அதற்குமுன் பார்த்ததில்லை. மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நான்தான் அவளைக் காரில் அழைத்துப் போனேன். உத்தரவின் பிரதியை நீட்டினேன்.

“கையில வச்சிக்க. வாசல்ல கேட்டா காட்டு.”

“வேணாம்ணே. தாளக் காட்டிட்டா உக்கார முடியும்?” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறுவதைக் கீழேயிருந்து பார்த்தேன்.

எதிர்க் கடையில் உட்கார்ந்தேன். இரண்டு கோப்பை தேநீர் முடிந்தது. யாராவது அவளைத் திருப்பி அனுப்பினால் பிரதியோடு மேலே ஏறத் தயாராக, சில்லறையை முன்கூட்டியே மேசையில் வைத்திருந்தேன். யாரும் அனுப்பவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து ஐந்தாறு பெண்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். நடுவில் இவள். அவளைவிட மூத்த ஓர் அம்மாள் இவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்தேன்.

“சரி, என்ன இருந்துச்சு ஏழாவதுல?”

“ஒன்னும் இல்லண்ணே. வெளக்க அணைச்சிட்டு சும்மா உக்காரச் சொன்னாங்க.”

“இதுக்கா இத்தன கூத்து! நான்தான் அன்னிலேருந்து சொல்றேனே, அங்க ஒன்னும் இல்லன்னு.”

“நீ வெளிய நின்னு சொன்னே. நான் உள்ள போயி பாத்துட்டு சொல்றேன்.”

வண்டியைக் கிளப்பினேன்.

“அடுத்த வாரமும் போவியா?”

“போவேன். பழகுன சனங்க. அந்தம்மாவுக்கு நான் பக்கத்துல இல்லாம இத்தன வாரமா முதுகு நிமிரவே இல்லயாம்.” பிறகு, ஏதோ சின்ன விசயம் நினைவுக்கு வந்ததுபோல் சொன்னாள்: “நான் உள்ள நொழைஞ்சப்ப ஒருங்கிணைப்பாளரு எழுந்திரிச்சு நின்னாருண்ணே. யாரும் சொல்லல. அவராத்தான்.”

அவள் அடுக்குமாடி அங்கிருந்து ஐந்து நிமிடம். நான் காரை எதிர்த் திசையில், கடலோரச் சாலைப் பக்கம் திருப்பினேன்.

“எங்கண்ணே போற? வீடு இந்தப் பக்கம்லா.”

“சும்மா ஒரு சுத்து.”

“காருக்கு எண்ணெக் காசு தண்டம்.”

தண்டம்தான். எங்கள் கோயில் குழுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் உணவுக் கடை அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்து, அவள் முகம் தெரியும்படி அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.